ஆரோவில்லில் ஓராண்டு: சேவைக்குக் கிளம்பும் இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

படிப்பு முடிந்த கையோடு, அல்லது இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்த பிறகு, ஒரு வருடத்தை ஒதுக்கி மண்ணுக்கும் மக்களுக்கும் உழைத்துப் பார்க்க நினைக்கும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அங்கே என்ன வேலை கொடுப்பார்கள்?" என்பதுதான். நல்ல கேள்வி. ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டியது. யாரோடு தங்குவேன், யார் சமைப்பார்கள், மனக்கசப்பு வந்தால் எப்படிப் பேசித் தீர்ப்பார்கள் என்பதை முதலில் கேளுங்கள். மண்வெட்டி பிடிக்க ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். முன்பின் தெரியாத இருபது பேரோடு ஒரே சமையலறையைப் பகிர்ந்து வாழப் பழகுவதற்குத்தான் அந்த வருடம் முழுவதும் தேவைப்படும். பாதியில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்களில், வேலை கடினம் என்று போனவர்களைவிட வீடு ஒத்துவராமல் போனவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இப்படிக் கூடி வாழ்ந்து உழைக்கும் இடங்கள் நம் நாட்டில் பல உண்டு. எனக்கு நன்கு பழக்கமான ஆரோவில்லை வைத்தே இங்கே சொல்கிறேன். வேறு இடத்தைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

ஆரோவில் புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது. பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்தது. 1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் மண்ணைப் பளிங்குத் தாழியில் இட்டு இந்த நகரத்தைத் தொடங்கிவைத்தார்கள். பல நாட்டவரும் ஒன்றாக வாழும் ஊர் என்று அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை வகுத்த கனவு இது. 50,000 பேர் வாழும் நகரமாகத் திட்டமிட்டார்கள். இன்று வசிப்பவர்கள் 3,000 பேருக்குச் சற்று அதிகம், அவர்களில் இந்தியர்கள்தான் பெரும் பிரிவு. நடுவில் இருக்கும் தியான மண்டபமான மாத்ரிமந்திரின் தங்க உருண்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் சுற்றுலாப் பயணிகளுக்கு, அதைச் சுற்றியுள்ள காடும் பண்ணையும் பள்ளியும் பட்டறையும் கண்ணில் படுவதில்லை. நீங்கள் போவது அந்த இரண்டாவது ஆரோவில்லுக்கு.

அறுபதுகளின் இறுதியில் இங்கே வந்தவர்கள் கண்டது வெறும் செம்மண் மேடு. மழை பெய்தால் மேல்மண் கடலை நோக்கி ஓடும், ஓடிய தடம் பள்ளத்தாக்காக மாறும். வரப்பு போட்டு, தடுப்பணை கட்டி, முதலில் வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியா போன்ற மரங்களை நட்டு, அந்த நிழலில் நம் மண்ணுக்கே உரிய காசா, வீரை, பாலை, கருங்காலி ஆகியவற்றை வளர்த்தார்கள். இந்த மரங்கள் சேர்ந்த காட்டுக்கு உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். சோழமண்டலக் கரையில் அது ஏறக்குறைய அழிந்துபோய், கோயில்காடுகளில்தான் மிச்சமிருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். அடுத்த ஒரு வருடம் நீங்கள் எதற்காகக் குழி தோண்டப் போகிறீர்கள் என்பது யாரும் விளக்காமலே தெரிந்துவிடும். பக்கத்திலேயே இரும்பை மாகாளேஸ்வரர் கோயில் இருக்கிறது, சம்பந்தர் பாடிய தலம். கடுவெளிச் சித்தரின் சாபத்தால்தான் இந்த நிலம் பாலையானது என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அதையும் ஊர்ப் பெரியவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பத்து நாள் போய்த் தங்குங்கள்

ஒரு வருடம் என்று வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஜனவரியில் போகாதீர்கள். ஜனவரியில் ஆரோவில் எல்லோருக்கும் பிடிக்கும்: குளிர்ந்த காலை, நடனம், இசை, நிறைய விருந்தினர்கள். மே மாதத்தில் போங்கள், இல்லாவிட்டால் நவம்பர் மழையில் போங்கள். மே மாதத்தில் பகல் பதினோரு மணிக்கு மேல் வெளியில் வேலை செய்ய முடியாது, கீற்றுக் கொட்டகையில் மின்விசிறியும் இருக்காது. மழைக்காலத்தில் துணி காயாது, பாதை சேறாகிவிடும், கொசு மொய்க்கும். ஆனால் மரம் நடும் பருவம் அதுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் கரையேறியது இந்தப் பக்கத்தில்தான். அந்த நாட்களிலும் இருந்துவிட முடியும் என்று தோன்றினால், மீதி மாதங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அந்தப் பத்து நாளில் ஒரே இடத்தில் இருக்காமல் இரண்டு மூன்று குழுக்களைப் பாருங்கள். காடு வளர்ப்பு, இயற்கை விவசாயம், கிராமக் குழந்தைகளுக்கான பள்ளிகள், மண் கட்டுமானம், குப்பை மேலாண்மை, கிராமப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களோடு வேலை என்று பல துறைகள் உண்டு. தன்னார்வலர்களை வேலையிடத்தோடு இணைத்துவிட ஒரு பிரிவும் செயல்படுகிறது. எனினும் அதன் பட்டியலை மட்டும் நம்பாமல் நேரில் போய்க் குழுவின் பொறுப்பாளரோடு ஒரு வேளை சாப்பிடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். நீண்ட நாளாக இருக்கும் ஒரு தன்னார்வலரைத் தனியே பிடித்து, "போன மாதம் இங்கே என்ன பிரச்சினை வந்தது, எப்படித் தீர்ந்தது?" என்று கேளுங்கள். பிரச்சினையே வராது என்று சொல்லும் இடத்தைவிட, வந்ததையும் தீர்த்ததையும் நிதானமாகச் சொல்லும் இடம் நம்பத்தகுந்தது.

பெண்கள் இன்னும் இரண்டு கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். தங்கும் இடத்துக்குப் பூட்டு உண்டா, இரவில் கழிப்பறைக்குப் போகும் வழி எப்படி என்பது ஒன்று. யாராவது தவறாக நடந்தால் யாரிடம் புகார் சொல்வது என்பது மற்றொன்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் பாலியல் தொல்லை குறித்து விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கேள்வியைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

பணம்

உதவித்தொகை கிடைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். சில குழுக்களில் உழைப்புக்கு ஈடாகத் தங்குமிடமோ மதியச் சாப்பாடோ கிடைக்கும். பல இடங்களில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் நீங்கள்தான் பங்களிக்க வேண்டும். தங்குமிடம், உணவு, ஆரோவில்லுக்கான தினப் பங்களிப்பு, சைக்கிள் வாடகை அல்லது பெட்ரோல், செல்போன், ஊருக்குப் போய்வரும் செலவு என்று தனித்தனியாக எழுதிக் கேட்டு வாங்குங்கள். அதோடு, திரும்பி வந்த பின் வேலை தேட மூன்று மாதச் செலவுக்கான தொகையைத் தொடாமல் வங்கியில் வைத்துவிடுங்கள். கல்விக்கடன் இருந்தால், தவணை எப்போது தொடங்குகிறது என்று வங்கியில் கேட்ட பிறகே தேதி குறியுங்கள். மாதம் 13,000 ரூபாய் தவணை கட்ட வேண்டிய நிலையில் உள்ளவர், இரண்டு வருடம் வேலை பார்த்துக் கடனைக் குறைத்துவிட்டு வருவதே நல்லது. இந்த வருடம் எங்கும் ஓடிப்போகாது.

கையில் பணமே இல்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு. பாரத ஸ்டேட் வங்கி 2011-இல் தொடங்கிய 'யூத் ஃபார் இந்தியா' என்ற திட்டத்தில் 13 மாதம் கிராமத்தில் தங்கி, ஒரு தொண்டு நிறுவனத்தோடு வேலை செய்யலாம், மாதப்படி தருவார்கள். பட்டம் பெற்ற 21 முதல் 32 வயது வரையானவர்கள் விண்ணப்பிக்கலாம். அங்கே கூட்டு வாழ்க்கை குறைவு, தனித் திட்டப்பணி அதிகம். இரண்டையும் ஒப்பிட்டு உங்கள் நிலைமைக்குத் தகுந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சொல்வது

இதுதான் பலருக்கு மலை. "இவ்வளவு செலவு செஞ்சு படிக்க வெச்சது குழி தோண்டவா?" என்று அப்பா கேட்பார். "சாமியாராப் போறியா?" என்று அம்மா அழுவார். இரண்டுமே அன்பில் வருகிற கேள்விகள்தான், எதிர்த்துப் பேசி ஜெயிக்க வேண்டிய வாதம் இங்கே எதுவும் இல்லை. அவர்களுடைய பயங்கள் மூன்று: பிள்ளை திரும்பி வராமல் போய்விடுவானோ, உடம்புக்கு ஏதாவது ஆகிவிடுமோ, கல்யாணமும் வேலையும் தள்ளிப்போகுமோ. ஒவ்வொன்றுக்கும் கையில் பிடிக்கக்கூடிய பதிலை வைத்துக்கொண்டு பேசுங்கள். திரும்பும் தேதியைச் சொல்லுங்கள். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்குப் பேசுவீர்கள் என்று சொல்லிவிட்டு அதைத் தவறாமல் கடைப்பிடியுங்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டுங்கள். புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அப்புறம், முதல் இரண்டு மாதத்துக்குள் அவர்களை அழைத்து வந்து காட்டுங்கள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வரும் புதுச்சேரி பேருந்தில் ஏறினால் மூன்று மணி நேரத்துச் சொச்சம்தான். நீங்கள் நட்ட கன்றுகளையும், நீங்கள் கழுவும் பாத்திரங்களையும், உங்களோடு வேலை செய்யும் ஊர்க்காரர்களையும் பார்த்துவிட்டுப் போகும் பெற்றோர் பெரும்பாலும் சமாதானமாகிவிடுகிறார்கள். வீட்டில் பெருக்கக்கூட விளக்குமாறு எடுக்காத மகன் இருபது பேருக்கு சாம்பார் வைப்பதைப் பார்த்தால் எந்த அம்மாவுக்கும் முகம் மலர்ந்துவிடும்.

என்ன எடுத்துப் போக வேண்டும்

முழுக்கைப் பருத்திச் சட்டை மூன்று, அகலமான தொப்பி, மழைக்கோட்டு, கொசுவலை, தலையில் மாட்டும் டார்ச், கட்டைவிரல் வரை மூடிய காலணி, தண்ணீர் பாட்டில், அளவான புத்தகம். போகும் முன் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். தினமும் மண்ணிலும் முள்ளிலும்தான் கை வைக்கப் போகிறீர்கள். டார்ச்சை மட்டும் மறக்க வேண்டாம். காடு வளர்ந்ததும் பாம்பும் வந்துவிட்டது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன் மூன்றும் உண்டு. இரவில் வெளிச்சமில்லாமல் நடப்பதும், காலணிக்குள் பார்க்காமல் காலை விடுவதும் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் மாதம்: உடம்பையும் கையையும் பழக்குவது

சாதனா ஃபாரஸ்ட் என்ற காட்டுக் குடியிருப்பை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2003-இல் அவிராம், யோரிட் ரோசின் தம்பதி தங்கள் மகளோடு 70 ஏக்கர் வறண்ட நிலத்தில் தொடங்கினார்கள். சவுக்குக் கம்பும் தென்னங்கீற்றும் கயிறும் கொண்டு கட்டிய கொட்டகைகள், சூரிய மின்சாரம், பாலும் முட்டையும் சேராத தாவர உணவு. மது, புகை, போதை எதற்கும் இடமில்லை. விடியும் முன் யாராவது பாடிக்கொண்டே எல்லோரையும் எழுப்புவார்கள். வட்டமாகக் கூடி நின்ற பின், வெயில் ஏறுவதற்குள் முதல் சேவை. பிறகு காலை உணவு, அதன் பின் இரண்டாவது சேவை. மதியத்துக்கு மேல் உங்கள் நேரம்.

முதல் சேவை பெரும்பாலும் நிலத்தில். குழி எடுப்பது, வரப்பு உயர்த்துவது, இலைதழையால் மண்ணை மூடி மூடாக்குப் போடுவது, கோடையில் கன்றுக்குத் தண்ணீர் காட்டுவது. பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பஞ்சுத் திரி வழியாக வேரருகே கசியவிடும் முறையை இங்கே பார்க்கலாம். குறைந்த தண்ணீரில் கன்றைக் காப்பாற்ற நல்ல வழி. இரண்டாவது சேவை வீட்டு வேலை: ஐம்பது பேருக்குக் காய் நறுக்குவது, சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்குவது, உலர் கழிப்பறையைச் சுத்தம் செய்வது.

கழிப்பறை வேலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே தண்ணீர் ஊற்றுவதில்லை. மரத்தூள் தூவி மூடுவார்கள். மாதக்கணக்கில் மட்கவிட்டு மரங்களுக்கு உரமாக்குவார்கள். வாளியை மாற்றும் முறை எல்லோருக்கும் வரும். நம் ஊரில் இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாக யார் மேல் சுமத்தியிருக்கிறோம் என்று நமக்குத் தெரியும். ஜெர்மனியிலிருந்து வந்த பெண்ணுக்கு அது ஒரு சுற்றுச்சூழல் பாடம். நமக்கு அதோடு வேறொன்றும் சேர்ந்திருக்கிறது. உங்கள் முறை வரும்போது ஒதுங்காதீர்கள், வேறொருவரிடம் மாற்றிக்கொள்ளாதீர்கள். இந்த வருடத்தில் நீங்கள் செய்யும் மிக முக்கியமான வேலை அதுவாகவே இருக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உணவு முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும். காரம் இருக்காது, உப்பு குறைவு, தயிர் கிடையாது. குறை சொல்லிக்கொண்டிருப்பதைவிட, சமையல் முறையைக் கேட்டு வாங்கி ரசமும் பருப்பும் வைத்துப் போடுங்கள். ரசத்துக்கு எந்த நாட்டுக்காரரும் இரண்டாம் முறை தட்டை நீட்டுவார்.

கூடி வாழ்வது

இனி கடினமான பகுதி. பெரிய கொள்கைகளில் யாரும் முட்டிக்கொள்வதில்லை. ஈரத் துண்டை யார் படுக்கையில் போட்டது, இரவு பத்து மணிக்கு மேல் யார் கிட்டார் வாசித்தது, கடைசி வாழைப்பழத்தை யார் எடுத்தது என்பதில்தான் மனம் முறியும். அன்றைக்கே, சம்பந்தப்பட்டவரிடமே, தனியாகச் சொல்லிவிடுங்கள். மூன்றாவது ஆளிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் மொத்தக் குடியிருப்புக்கும் தெரிந்துவிடும். "நீ எப்பவும் இப்படித்தான்" என்று தொடங்க வேண்டாம். "நேத்து ராத்திரி சத்தத்துல தூங்க முடியல, இனி பத்து மணியோட நிறுத்திக்கலாமா?" என்று நடந்ததையும் வேண்டியதையும் மட்டும் சொன்னால் போதும். வாரக் கூட்டம் இருக்கும் இடங்களில் அதைத் தவறவிடாதீர்கள். பேச ஒன்றும் இல்லை என்று தோன்றினாலும் போய் உட்காருங்கள்.

தமிழ் இளைஞர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது, முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்லத் தயங்கும் பழக்கம். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மூன்றாவது மாதம் பொங்கிவிடுவார்கள். முடியாததை முடியாது என்று அன்றே சொல்வதும் சேர்ந்து வாழ்வதற்கு வேண்டிய பழக்கம்தான். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் அதற்காக ஒதுங்கி நிற்கவும் வேண்டாம். அங்கே பிரான்சிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வருபவர்களுக்கும் அது அடுத்த வீட்டு மொழிதான்.

தமிழ் தெரிந்த தன்னார்வலருக்கு வேறொரு பொறுப்பும் உண்டு. குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம், கோட்டக்கரை போன்ற சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் ஆரோவில்லுக்குக் கூலி வேலைக்கும் சம்பள வேலைக்கும் வருகிறார்கள். அவர்களுக்கும் வெளிநாட்டுத் தன்னார்வலர்களுக்கும் நடுவே நீங்கள் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவீர்கள். வெளிநாட்டவர் சொல்லும் வேலையை மட்டும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தால், பத்து நாளில் உங்களை மேஸ்திரியாகவே பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இந்தப் பக்கம் சொல்வதை அந்தப் பக்கமும் கொண்டுபோங்கள். "இந்த இடத்துல தண்ணி நிக்கும்பா, இங்க நடாதீங்க" என்று ஓர் அக்கா சொன்னால் அது முப்பது வருட அனுபவம். வேலை முடிந்து அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். வீட்டு விசேஷத்துக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள். ஆரோவில்லின் நிலம் ஒரு காலத்தில் இந்த ஊர்களின் மானாவாரி நிலமும் மேய்ச்சல் வெளியுமாக இருந்தது என்பதை மனதில் வைத்துப் பழகினால் வார்த்தையில் தானாகவே மரியாதை வந்துவிடும்.

ஆரோவில்லுக்குள் நடக்கும் கருத்துவேறுபாடுகளும் உங்கள் காதில் விழும். 1988-ஆம் ஆண்டின் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டப்படி நிர்வாகக் குழு ஒன்றும் குடியிருப்போர் பேரவை ஒன்றும் உண்டு. 2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டதிலிருந்து இருதரப்புக்கும் இடையே கடும் பிணக்கு, நீதிமன்றம் வரை போனது. பல ஏற்பாடுகள் இதனால் மாறிக்கொண்டே இருக்கின்றன. விதிமுறைகளைக் கிளம்பும் வாரத்தில் இன்னொருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். போன முதல் மாதமே ஒரு தரப்பில் நின்றுவிடாமல் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேளுங்கள்.

நான்காவது, ஐந்தாவது மாதம்

ஆரம்பக் குதூகலம் இந்தச் சமயத்தில் வடிந்துவிடும். குறுகிய காலத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு பிரிவு, ஒரு புது முகம், மறுபடி பெயர் சொல்லி அறிமுகம். கல்லூரி நண்பர்கள் புது வேலை, புது வண்டி என்று படம் போடுவார்கள். இது எல்லோருக்கும் வருவது என்று தெரிந்திருந்தாலே பாதிப் பாரம் குறையும். பல வருடமாக அங்கேயே வாழும் ஒருவரோடு நட்பை வளர்த்துக்கொள்ளுங்கள். மதியங்களில் செய்ய உங்களுக்கென்று ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்: நாற்றங்கால், விதைச் சேகரிப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, எதுவாக இருந்தாலும் சரி. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வருவதிலும் தவறில்லை. போய் வந்த பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால், ஒரு மாத அவகாசம் சொல்லி, வேலையை ஒப்படைத்துவிட்டு விலகலாம்.

கிளம்பும் முன்

கடைசி இரண்டு மாதத்தில் செய்ய வேண்டிய சில வேலைகள் உண்டு. உங்கள் பொறுப்பில் இருந்ததை அடுத்தவர் கூடவே இருந்து கற்றுக்கொள்ளும்படி செய்யுங்கள். எந்தக் கன்று எப்போது நட்டது, எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்தத் தொட்டி கசிகிறது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்துவிடுங்கள். கூட வேலை செய்த ஊர்க்காரர்களும் படிக்க அது உதவும். பொறுப்பாளரிடம் நீங்கள் செய்த வேலைகளைக் குறிப்பிட்ட சான்றுக் கடிதம் கேட்டு வாங்குங்கள். வேலைக்கான நேர்காணலில் இந்த வருடத்தைப் பற்றிக் கேட்பார்கள். அப்போது "சேவை செய்தேன்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், ஐம்பது பேருக்கான சமையலறையை நடத்தியதையும், ஐந்து நாட்டுக்காரர்கள் இருந்த குழுவில் தகராறைப் பேசித் தீர்த்ததையும் விவரமாகச் சொல்லுங்கள். சைக்கிளைத் திருப்பிக் கொடுத்து, கணக்கு பாக்கியைத் தீர்த்து, கொசுவலையையும் மழைக்கோட்டையும் அடுத்து வருபவருக்கு விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த அக்டோபரில் நடவுக்கு ஆள் தேவைப்படும். ஒரு வார விடுப்பை அதற்கு இப்போதே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.